மகள் அழைப்பு, ஒன்பது நிமிடம்

"அண்ணி, இந்த டைரியை யார் எழுதுறாங்க?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கேட்டாள் மகள். கையில் செல்போன்.

கதவைத் திறந்த மருமகளுக்கு முகம் வெளிறிவிட்டது. "வாம்மா... வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா எல்லாத்தையும் சரிபண்ணி வெச்சிருப்பீங்க, அதானே?"

மகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. வருகிற விண்ணப்பங்களில் எது புளுகு என்று கண்டுபிடிக்கிற வேலை. பதினைந்து வருடப் பழக்கம். அதை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வர அவளுக்குத் தெரியாது.

அம்மாவுக்கு மறதி நோய் என்று தெரிந்ததும், அன்றாடம் நடப்பதைச் செல்போனிலேயே பதிந்துவரச் சொல்லியிருந்தார் டாக்டர். மைக்கை அழுத்திப் பேசினால் போதும், போனே எழுதிக்கொள்ளும். வீட்டில் உள்ளவர்கள் அவரவர் போனில் படிக்கலாம். அண்ணன் அந்த டைரியை அனுப்பி மூன்று மாதம் ஆகிறது. "அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கணும், ஒரு தடவையாவது படிச்சுடு" என்று அவன் கெஞ்சிய பிறகு, இன்று மதியம்தான் மகள் அதைத் திறந்தாள்.

படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"காலையில சாப்பிட்டது மத்தியானம் ஞாபகம் இருக்காது அம்மாவுக்கு. ஆனா இதைப் பாருங்க! '5.02. மகள் அழைப்பு. ஒன்பது நிமிடம்.' மறுநாள், '5.01. மகள் அழைப்பு. ஏழு நிமிடம்.' தினமும் இதே கதை. இதை அம்மாவா சொல்லியிருப்பாங்க?"

"அத்தை டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பது வருஷம் இருந்தவங்க. அழைப்பு வந்தா மணியும் நிமிஷமும் குறிக்கிறது அவங்க தொழில். எது மறந்தாலும் அது மட்டும் மறக்கல."

"சரி, குறிக்கட்டும். வராத அழைப்பை எப்படிக் குறிப்பாங்க? மூணு மாசமா நான் அம்மாவுக்கு ஒரு போன்கூடப் பண்ணலையே!"

சாட்சியை மடக்கிவிட்ட வக்கீல் மாதிரி நிமிர்ந்து நின்றாள். தான் என்ன சொன்னோம் என்பது அவள் காதிலேயே விழவில்லை.

மருமகள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலே முக்கால்.

"அப்போ மத்ததும் பொய்தான். 'மாத்திரை போட்டாச்சு', 'மருமகள் தலை வாரிவிட்டாள்'... எல்லாம் நீங்களே எழுதிக்கிட்டது. அம்மாவை இன்னிக்கே என்கூடக் கூட்டிட்டுப் போறேன்."

"அவசரப்படாதம்மா. இடம் மாறினா அத்தை ரொம்பத் தடுமாறிடுவாங்க."

குரல் நடுங்கியது. நடுங்குகிற குரல்களை மகள் ஆபீஸில் நிறையவே கேட்டிருக்கிறாள். விடுவிடுவென்று உள்ளே போனாள்.

ஜன்னலோரம் அம்மா உட்கார்ந்திருந்தாள், மடியில் செல்போனோடு. மகளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள்.

"வாங்க. உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

பெற்றவள் 'வாங்க' என்கிறாள்! மகள் திரும்பி அண்ணியை முறைத்தாள். "என்னைப் பத்தி என்ன சொல்லிக்கொடுத்து வெச்சிருக்கீங்க? யாரோ மாதிரி பேசுறாங்க!"

மருமகளின் கண் மறுபடியும் கடிகாரத்துக்குத்தான் போனது. "மாடியில துணி காயுது. எடுத்துட்டு வந்துடறேன்."

"இப்போ என்ன துணிக்கு அவசரம்? மழையா கொட்டுது?"

அவள் நிற்கவில்லை. நழுவட்டும், எங்கே போய்விடப் போகிறாள் என்று மகள் அலமாரியைத் திறந்து அம்மாவின் புடவைகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, கிளம்பு."

அம்மா அசையவில்லை. "இருங்க. அஞ்சு மணிக்கு என் பொண்ணு கூப்பிடுவா. அவகிட்ட பேசாம நான் எங்கேயும் வர மாட்டேன்."

சொல்லி வாய் மூடவில்லை, மடியில் போன் அடித்தது. திரையில் 'மகள்' என்று இருந்தது. மகளின் போனோ அவள் கையிலேயே இருந்தது.

"சொல்லுடி தங்கம்! சாப்பிட்டியா?" அம்மாவின் முகமே மாறிவிட்டது.

மகள் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினாள். கையும் களவுமாகப் பிடித்துவிடுகிற வேகம்.

கொடியில் ஒரு துணிகூட இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பழைய போன் ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள் மருமகள்.

"சாப்பிட்டேம்மா... ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி, அதான் வர முடியல. உன்னை மறப்பேனா? நீ மாத்திரை போட்டியா?"

மாமியாரை 'வாங்க, போங்க' என்றே பேசுகிறவள், பெற்ற பெண்ணின் உரிமையோடு 'நீ' என்று பேசிக்கொண்டிருந்தாள்.

மகளைக் கண்டதும் பதறிப்போய்ப் போனைக் கையால் பொத்தினாள். "தப்பா நினைக்காதேம்மா. 'என் பொண்ணு கூப்பிடவே இல்லை'ன்னு ஒரு நாள் பூரா அத்தை சாப்பிடாம கிடந்தாங்க. அன்னிக்கு ஒரு நாள் சமாதானத்துக்குத்தான் பண்ணேன். அப்புறம் நிறுத்த முடியல." போனை நீட்டினாள். "நீயே பேசு. அவங்க கேட்கிறது உன் குரலைத்தான்."

அதை வாங்க மகளுக்குக் கை வரவில்லை. மருமகளே பேசி முடிக்கும்வரை நின்றுவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கினாள்.

அம்மா பேசி முடித்திருந்தாள். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மைக்கை அழுத்தி, எக்ஸ்சேஞ்சில் பேசுகிற அதே தெளிவோடு சொன்னாள். மகளின் கையில் இருந்த போனில் அது ஒவ்வொரு வரியாக வந்து விழுந்தது.

"5.01. மகள் அழைப்பு. ஆறு நிமிடம்."

ஒரு கணம் யோசித்து, அம்மா மறுபடியும் மைக்கை அழுத்தினாள்.

"யாரோ ஒருத்தி வீட்டுக்குள்ள வந்து என் மருமகளைக் கண்டபடி திட்டினா. நாளைக்கு என் பொண்ணுகிட்ட சொல்லணும். அவ வந்து கேட்டா தெரியும் சேதி!"