மேலே அடித்த ஆணி

ஆணி அதன் இடத்தில் இல்லை.

ஏணியின் மேல்படியில் நின்று தாணு தன் வீட்டு வாசல் பலாமரத்தின் கிளையைத் தடவினான். போன வாரம் அவனே அடித்த செம்பு ஆணி, அதே கிளையில் நான்கடி கிழக்கே தள்ளி இருந்தது.

கீழே எல்லைக்கல் காத்துக் கிடந்தது. நான்கு ஆட்கள் கடப்பாரையோடு நின்றார்கள்.

"எந்தா தாணு, கயறு கெட்டியோ?" சர்வே ஓவர்சியர் மோகனன் குடைக்குள்ளிருந்து கேட்டார்.

"இதோ கெட்டுதேன் சார்."

புது ராஜ்யங்கள் பிறந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. விளவங்கோடு சென்னைக்கு, நெய்யாற்றின்கரை கேரளத்துக்கு. நடுவில் கோடு எங்கே என்று அளந்துகொண்டிருந்தார்கள். பகலில் அடித்த முளை காலையில் இருக்காது. இந்தப் பக்கத்தாரும் பிடுங்கினார்கள், அந்தப் பக்கத்தாரும் பிடுங்கினார்கள். பிடுங்கியவர்களில் மூன்று பேர் பாறசாலை லாக்கப்பில் இருந்தார்கள்.

அப்போதுதான் தாணு ஒரு வழி சொன்னான். சுரங்கத்தில் தரையில் யாரும் அடையாளம் வைப்பதில்லை; வண்டியும் காலும் அழித்துவிடும். கூரையில் ஆணி அடித்து, தூக்குக் குண்டைத் தொங்கவிட்டால், குண்டு காட்டுகிற இடம்தான் இடம்.

மோகனன் அவன் முதுகில் தட்டினார். தன்பாத்தில் சுரங்கப் படிப்பு முடித்து வந்த பிறகு, அந்தப் படிப்புக்கு ஊரில் கிடைத்த முதல் மரியாதை அது. மற்றபடி எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "குழி தோண்டவா மக்கா அம்பிட்டு தூரம் போய்ப் படிச்சே?"

கோடு ஒரு வீட்டுக்குள் போனால், வாசற்படி எந்தப் பக்கமோ வீடு அந்தப் பக்கம் என்று முடிவாகியிருந்தது. தாணுவின் வீட்டில் கோடு வாசற்படிக்கு மேற்கே இரண்டடி தள்ளிப் போனது. வீடு சென்னை ராஜ்யத்துக்கு.

ஆணி அடித்த அன்று சாயங்காலமே அவன் வேலைக்கான விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தான். தென்னாற்காட்டில் பழுப்பு நிலக்கரி தோண்டப் போகிறார்கள். அளவை தெரிந்தவன், காற்றோட்டம் தெரிந்தவன், மண் சரியாமல் முட்டுக் கொடுக்கத் தெரிந்தவன் வேண்டும். அவனுக்கு மூன்றும் தெரியும். சென்னை ராஜ்யத்துக்காரன் என்ற சான்று ஒன்றுதான் குறை. அது கிடைக்காவிட்டால் மறுபடியும் மூன்று நாள் ரயில், பீகார் கரிவயல்.

தங்கை சரோஜம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரசாயனத்தில் பி.எஸ்ஸி. அவள்தான் ஆணியைப் பற்றிச் சரியாகக் கேள்வி கேட்டாள்.

"காத்துல குண்டு ஆடாதா அண்ணா?"

"தண்ணி வாளியில முக்கி வச்சா ஆடாது."

பிறகு வேறு எதையோ கேட்டாள். "நாளைக்கு" என்றான்.

இப்போது அவன் கயிற்றைக் கட்டிக் குண்டை இறக்கினான். சரோஜமே வாளியைக் கொண்டுவந்து கீழே வைத்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

குண்டு வாசற்படிக்குக் கிழக்கே இரண்டடியில் நின்றது.

வீடு கேரளத்துக்கு.

ஆணியின் வேரில் வெள்ளையாகப் பால் கசிந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு, ஏணியைப் பிடித்திருந்த பொன்னையனின் மணிக்கட்டில் விழுந்தது. பொன்னையன் அம்பூரியில் ரப்பர் வெட்டுகிறவன். விரலில் தொட்டு உருட்டிப் பார்த்தான்.

"மரம் கறக்குதேலே தாணு."

"ஏணி உரசினதாக்கும்."

"எனக்கு அளவு தெரியாது. பாலு தெரியும். இது இன்னிக்குக் காலத்த வெட்டினது."

நேற்று வரை, ஆணி இருக்கும் இடம் மோகனனுக்குத் தெரியும், தாணுவுக்குத் தெரியும். இன்னொருத்திக்கும் தெரியும்.

காலையில் அவன் குளித்துவிட்டு வந்தபோது சரோஜம் விரல்களில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பலாச்சக்கை வெட்டிய பிசின் போலிருக்கிறது என்று நினைத்துக் கடந்து போனான். இப்போது மரத்தை அண்ணாந்து பார்த்தான். மார்கழி மாதம். ஒரு பிஞ்சுகூட இல்லை.

பைத்தியக்காரி. அண்ணனுக்கு வேலை கிடைக்கட்டும் என்று ஏறியிருக்கிறாள். கோடு சரியாகத்தான் இருக்கிறது என்று தெரியாமல், கிழக்கையும் மேற்கையும் குழப்பிக்கொண்டு தவறான பக்கம் நகர்த்திவிட்டாள்.

"தாணு, சரியல்லே? கல்லு இடாமோ?"

ஆணி நகர்ந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை போதும். தென்னாற்காடு கிடைத்துவிடும். யார் நகர்த்தியது என்பது அடுத்த கேள்வி.

தரையை நம்பாதே, கூரையை நம்பு என்றுதான் அவனுக்குப் படிப்பித்திருந்தார்கள்.

குண்டு வாளித் தண்ணீருக்குள் ஆடாமல் நின்றது.

"சரிதான் சார். இடலாம்."

பொன்னையன் அவனையே பார்த்தான். பிறகு மணிக்கட்டை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

கல் இறங்கியது. மண்ணை இடித்துக் கெட்டித்தார்கள். எல்லாரும் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள்.

தாணு உள்ளே போய்த் தன்பாத் சான்றிதழ்கள் இருந்த கோப்பைத் திறந்தான். இனி அந்த விண்ணப்பத்துக்கு வேலையில்லை. பிசுபிசுத்த விரல்களால் உருவி எடுத்தான்.

அதற்கு அடியில் இன்னொரு விண்ணப்பம் இருந்தது.

நெய்யாற்றின்கரையில் பெண்கள் பள்ளி, சயன்ஸ் ஆசிரியை. கேரள ராஜ்யத்தில் குடியிருப்பவர் மட்டும். சரோஜத்தின் நெருக்கமான, அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. குடியிருப்புச் சான்றுக்குப் பகுதிக் கச்சேரி அதிகாரியிடம் கையெழுத்து வாங்கித் தா என்று அவள் கொடுத்தது, ஆணி அடிப்பதற்கு ஒரு வாரம் முன்னால். கையெழுத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது. கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு நாள்.

கதவருகில் சரோஜம் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றாள்.

"கையக் காட்டு அண்ணா. பலாப்பாலு தண்ணியில போகாது."