நாலாம் நம்பர் பலகை

இப்போதெல்லாம் ஆட்டத்தில் பவுல் விழுந்தால் எவனும் விசில் அடித்தவனைப் பார்ப்பதில்லை. கையிலிருக்கும் போனைப் பார்க்கிறான்.

அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு நியாயம் பேசுகிறான். பெரிய ஆட்டக்காரன் பந்தைத் தட்டாமல் மூன்று எட்டு நடந்தாலும் அமெரிக்காவில் விட்டுவிடுவார்களாம். அதையும் போனில் காட்டுகிறான். எவன் கண்டது.

அருப்புக்கோட்டையில் வருஷா வருஷம் நடக்கும் கூடைப்பந்துப் போட்டியில் நாற்பது வருஷமாக நான் பலகை தூக்குகிறேன். ஒருவன் பவுல் செய்தால், அது அவனுக்கு எத்தனையாவது என்று பலகையைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஐந்து ஆனால் ஆள் வெளியே.

நான் படித்தது மூன்றாங்கிளாஸ். இந்த வேலைக்கு ஐந்து வரை தெரிந்தால் போதும்.

இன்று பைனல். சென்னை டீமில் தனுஷ். அவனைப் பார்க்கத்தான் திருச்சுழி, காரியாபட்டியிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்திருந்தார்கள். எதிரே மல்லாங்கிணறு.

மல்லாங்கிணற்றுப் பாண்டீஸ்வரனைப் பார்க்க எவனும் வரவில்லை. கொத்தமல்லிக் கடையில் மூட்டை தூக்குகிறவன். விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு ஆள் எடுக்க மதுரையிலிருந்து வந்த இரண்டு பேர் மட்டும் முன்வரிசையில் நோட்டோடு இருந்தார்கள். இருபத்தைந்து வயது முடிந்தால் எடுக்கமாட்டார்களாம். அவனுக்கு அடுத்த மாதம் முடிகிறது.

மேசைக்குப் பின்னால் நின்றவர்களுக்கு ஆட்டத்தை விடப் பேச்சுதான் பெரிது. தனுஷ் பெரியவனா, சுப்புராஜ் பெரியவனா?

சுப்புராஜ் எண்பத்தொன்பதில் இதே பைனலில் எங்கள் ஊருக்குக் கோப்பை வாங்கித் தந்தவன். இன்று அவன்தான் நடுவர். இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்தவன் காதில் பேச்சு விழுந்துவிட்டது.

"இப்ப உள்ளவனுகளத்தான் தாங்குறானுக. எனக்கு அன்னைக்கு எவன் விட்டுக் குடுத்தான்? நாலு பவுலோட பைனலையே முடிச்சேன். இந்தா இருக்காகல்ல பால்சாமியண்ணன், இவுகதான் பலகை தூக்குனது. கேட்டுக்கங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தூக்கியது நான்தான். தலையாட்டினேன்.

கடைசிப் பத்து நிமிஷம் தொடங்கியது. தனுஷை விடாமல் ஒட்டிக்கொண்டே ஆடினான் பாண்டீஸ்வரன். அவனுக்கு ஏற்கெனவே நாலு பவுல். மதுரைக்காரர்களில் ஒருவர் அவனைப் பார்த்து ஏதோ எழுதினார்.

என்னால் நாற்காலியில் இருக்க முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன். பலகைகளை அடுக்கினேன், கலைத்தேன், திரும்ப அடுக்கினேன்.

"செத்த சும்மா இருங்க தாத்தா, மேச ஆடுது" என்றாள் சுகந்தி. காலேஜில் படிக்கிற பிள்ளை. பக்கத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பவுலும் பாயிண்டும் ஏற்றுகிறவள்.

தனுஷ் பந்தோடு பாய்ந்தான்.

பாண்டீஸ்வரன் இரண்டு காலையும் ஊன்றி, அசையாமல் நின்றான். மேசையிலிருந்து நாலு எட்டுதான் தூரம். தனுஷ் தோளைக் கொடுத்து அவன் நெஞ்சில் இடித்தான். இவன் மூட்டை விழுகிற மாதிரி விழுந்தான்.

விசில்.

ஊன்றி நின்றவனை இடித்தால் பவுல் இடித்தவனுக்கு. சுப்புராஜின் கை பாண்டீஸ்வரன் பக்கம் நீண்டது.

அத்தனை போனும் ஓட்டிப் பார்த்தன. எல்லாவற்றிலும் தனுஷ் முகம் இருந்தது. பாண்டீஸ்வரன் கால் ஒன்றிலும் இல்லை.

நான் பலகையைத் தூக்கினேன்.

"தாத்தா, அது நாலு. அஞ்சத் தூக்குங்க."

"நாலுதான் தாயி."

"அங்கிட்டுப் பாருங்க."

கம்பத்தில் கட்டியிருந்த கரண்டுப் பலகையில் ஐந்து சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. என் கையில் இருப்பதை யாரும் பார்க்கவே இல்லை.

பாண்டீஸ்வரன் மட்டும் பார்த்தான். நாலைப் பார்த்தான், ஐந்தைப் பார்த்தான். பிறகு பனியனைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தான்.

மதுரைக்காரர் பக்கத்தைப் புரட்டினார்.

சுப்புராஜ் சிரித்துக்கொண்டே மேசைக்கு வந்தான்.

"என்னண்ணே, அஞ்சு மறந்துபோச்சா? கையில வெரல எண்ணிப் பாருங்க."

"காலூனி நின்னான்யா அவன். இடிச்சது தனுஷு."

"அவன் அப்படி இடிக்க மாட்டான்ணே. பெரிய பிளேயரு."

மற்ற பலகைகளை மேசையில் வைத்தேன். நாலை வைக்க மனசில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினேன். ஆட்டம் இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது.

கேட்டருகே ஒருவன் மறித்தான். போன் அவன் கையிலும் இருந்தது.

"பெரியவரே, அந்தக் காலத்துல நடுவருக எவன் பெரிய ஆளுன்னெல்லாம் பாக்க மாட்டாகளாமே. நெசமா?"

"நடுவரு பாக்கல" என்றேன்.

அன்றைய நடுவர் பார்க்கவில்லைதான். எண்பத்தொன்பது பைனலில் சுப்புராஜுக்கு எதிராக ஐந்து தடவை சரியாக விசில் அடித்தார். மூன்றாவதற்கு நான் திரும்பவும் இரண்டைத் தூக்கினேன். நோட்டு எழுதிய டிரில் வாத்தியாருக்குப் பார்வை மட்டு. என் பலகையைப் பார்த்துத்தான் எழுதுவார். அப்புறம் நாலாவதற்கு மூன்று, ஐந்தாவதற்கு நாலு. கடைசிக் கூடை சுப்புராஜ் போட்டது. ஆட்ட வேகத்தில் அவன் எதையும் எண்ணவில்லை. இன்று வரை அவனுக்குத் தெரியாது.

அன்றும் எதிரே ஆடியது மல்லாங்கிணறுதான்.

பின்னால் தனுஷா சுப்புராஜா என்று இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பேச்சையும் நான் நம்பவில்லை. மறுபடி விசில் கேட்டது. யாருக்கென்று திரும்பாமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.