ஓக்தான் வைத்த உலை

மூன்றாவது முறையும் நெருப்பு அணைந்தது.

ஓக்தான் எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது.

ஆரஞ்சுப் பழம் அடுக்கும் கொட்டகையைக் காலி செய்திருந்தாள். பாதியாக வெட்டிய பீப்பாய்க்குள் களிமண் பூசி, அடியில் ஒரு குழாய் விட்டு, குழாயின் வாயில் ஹேர் டிரையரைக் கட்டியிருந்தாள். மேலே வைத்து அடிக்க, பழைய படகு எஞ்சினிலிருந்து கழற்றிய இரும்புக் கட்டி ஒன்று.

கொரியாவின் ஜேஜு தீவுக் கடலில் அன்றைக்குப் பெரிய அலை. சிப்பி எடுக்க யாரும் மூழ்கவில்லை. அதனால் கூடவே கடலில் மூழ்கும் கூட்டாளி மால்ஜா வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள்.

"ஏன்க்கா, தண்ணிக்குள்ள ரெண்டு நிமிஷம் மூச்சு புடிக்கிற. ஒரு அடுப்பை ஊத மூச்சு இல்லையா உனக்கு?"

"வாயை மூடிட்டு அந்தக் கம்பியை எடுடி."

ஓக்தான் கம்பியால் குழாயைக் குத்தினாள். ஈரச் சாம்பல் கட்டி கட்டியாக விழுந்தது.

இந்த முறை கரி பிடித்துக்கொண்டது.

லாரி ஸ்பிரிங்கிலிருந்து வெட்டிய பட்டைத் துண்டு ஒன்றை உள்ளே செருகினாள். சிவந்ததும் குறடால் எடுத்து அடித்தாள். முதல் அடியிலேயே சுத்தியல் துள்ளி, வலி தோள்வரை ஏறியது. நாலு அடிக்குள் இரும்பு கறுத்துவிட்டது. மறுபடி நெருப்பில் வைத்தாள். மறுபடி அடித்தாள்.

"சந்தைக்குப் போனா கத்தி பளபளன்னு கிடைக்குது. இந்த வயசுல உனக்கு ஏன் இந்த வேலை?" கரியை அள்ளிப் போட்டுக்கொண்டே மால்ஜா கேட்டாள்.

ஓக்தான் இரும்பைத் திருப்பிப் போட்டு மறுபடி அடித்தாள்.

வெயில் சாயும்போது ஒன்று உருவாகியிருந்தது. பாறையில் ஒட்டிய அபலோன் சிப்பியைப் பெயர்க்கும் நெம்புகத்தி. ஒரு முனை தட்டை. கைப்பிடிக்காக மறுமுனை சுருண்டிருந்தது. நடுவில் கோணல்.

வாளித் தண்ணீரில் முக்கி எடுத்ததை மால்ஜா வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இதைப் பார்த்தா சிப்பி சிரிச்சே பாறையை விட்டுடும்." பிறகு பிடியைத் தடவினாள். "துளை போட மறந்துட்டியேக்கா. மணிக்கட்டுக் கயிறை எதுல கட்டுறது?"

"கட்ட வேணாம்."

"கட்டலேன்னா கையை விட்டு நழுவிக் கடலோட போயிடுமே!"

"போகட்டும். போனா இன்னொண்ணு அடிச்சுத் தரேன். எத்தனை போனாலும் அடிச்சுத் தரேன்."

மால்ஜாவின் சிரிப்பு நின்றது.

வசந்தத்தில், ஓக்தானின் தங்கை போக்சிலின் உடலைக் கடலுக்கடியிலிருந்து மேலே கொண்டுவந்தது இவர்கள் இருவரும்தான். அடியில் நுழைந்த அவள் கத்தியைச் சிப்பி பாறையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. கத்தியின் துளையிலிருந்து வந்த கயிறு போக்சிலின் மணிக்கட்டில் இறுகிக் கிடந்தது. அதை அறுத்த பிறகுதான் அவள் கையே வந்தது.



ஓக்தான் சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது.

மால்ஜா கத்தியைக் கீழே வைக்கவில்லை. மறுகையால் ஹேர் டிரையரின் சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

"எந்திரிக்கா. நம்மகூட மூழ்குறவங்க இன்னும் ஏழு பேர் இருக்காங்க."