மலைமேல் வாய்தா

"இன்னும் எத்தினி படி மாமா?"

"படிய எண்ணாத மலரு, மணியப் பாரு. பத்தே கால் ஆயிடுச்சு. ஜல்தி ஏறு."

மலர்விழி முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டாள். பெருமுக்கல் மலையில் அவள் கடைசியாக ஏறியது கல்யாணமான புதிதில், சாமி கும்பிட. இன்றைக்கு ஏறுவது சிக்னல் தேடி. ஊர் டவர் புயலில் படுத்து ஒரு வாரமாகிறது. மலை உச்சிக்குப் போனால் போனில் நாலு கோடும் தெரிகிறது என்று ஆடு மேய்ப்பவர்கள் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார்கள்.

பதினொரு மணிக்கு வாய்தா. கொரோனா வந்ததிலிருந்து விழுப்புரம் கோர்ட்டு போனுக்குள் குடியேறிவிட்டது. இன்று இரண்டு தரப்பும் வீடியோவில் வந்தே ஆக வேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். மலர்விழியிடம் இருப்பதோ பட்டன் போன். அவளுடைய வக்கீல் கோகுலகிருஷ்ணன் மூன்று நாளாகக் கொரோனா வார்டில் கிடக்கிறார். காலையில் விருத்தாசலம் மாமா வந்து கதவைத் தட்டாமல் இருந்திருந்தால், அவள் இந்நேரம் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள்.

விருத்தாசலம் அதே தெருக்காரர். வயது அறுபத்தேழு. மூட்டு தேய்ந்தவர். ஒரு கையில் தடி, இன்னொரு கையில் பாலிதீன் பையில் சுற்றிய போன்.

"நான் வரலைன்னா இன்னா மாமா ஆவும்?"

"எக்ஸ்பார்ட்டிதான். கூப்பிட்டோம், ஆளக் காணோம்னு எழுதிட்டு, கடையக் காலி பண்ணுன்னு ஆர்டர் போட்டுடுவாங்க."

கடை என்றால் பெரிய கடை இல்லை. திண்டிவனத்தில் பத்துக்குப் பத்தில் ஒரு தையற்கடை. இரண்டு மிஷின், ஒரு அயர்ன் பெட்டி. புருஷன் பூமாலை இறந்துபோன பிறகு இரண்டு பெண்பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கியது அந்தப் பத்துக்குப் பத்துதான். லாக்டவுனில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. திறந்து நாலு ஜாக்கெட் தைப்பதற்குள் கேஸ் வந்துவிட்டது.

பாதி மலையில் அவளுக்குக் கால் பிசகியது. அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால முடியல மாமா. நீங்க போங்க. போற கடை போவட்டும்."

விருத்தாசலம் சத்தம் போடவில்லை. தடியை அவள் கையில் கொடுத்தார். "இத்த ஊனிக்கினு வா."

"அப்ப உங்க முட்டி?"

"அது எப்பவும் வலிக்கிற முட்டிதான். புதுசா இன்னா வலிச்சுடப் போவுது."

தடி இல்லாமல் அவர் பாறையைப் பிடித்துப் பிடித்து ஏறினார். இரண்டு இடத்தில் தவழ்ந்தார். போனை மட்டும் தரையில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். பின்னால் ஏறிய மலர்விழி அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பாரா என்று பிரமிப்பாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் வேறு பேச்சு பேசினாள்.

"சேரனுக்கு வேலை எதாச்சும் ஆச்சா மாமா?"

"எங்க? சென்னையில கம்பெனிய மூடிட்டாங்க. ஏழு மாசமா வீட்டுலதான் குந்திக்கினு இருக்கான் எம் புள்ள. செல்போன் ரிப்பேர் கத்துக்கினான். ஒரு எடம் அமைஞ்சா பொழச்சுப்பான்."

"அமையும் மாமா," என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

உச்சிக்கு வந்தபோது பத்து ஐம்பத்தெட்டு. மழையில் நிரம்பிய ஏரிகள் கீழே வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. கோயில் மதிலோரம் காற்று ஆளைத் தள்ளியது. மாமா பையைப் பிரித்து, வாட்ஸ்அப்பில் வந்திருந்த லிங்க்கை அழுத்தினார். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு நீதிபதியின் முகம் வந்தது.

மலர்விழி தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டாள். வாரிசுரிமைச் சான்றிதழ் விஷயமாக ஒருமுறை விழுப்புரம் கோர்ட்டு வராண்டாவில் நாள் முழுக்க நின்றும் அவளுக்கு நீதிபதியின் நிழல்கூடத் தெரியவில்லை. இன்றைக்கு அவர் மலை உச்சியில், உள்ளங்கை அகலத்தில், அவளையே பார்க்கிறார்.

"நடுவுல நிறுத்தாமப் பேசு," மாமா காதோரம் சொன்னார். "மிஷின் ரெண்டையும் எங்க கொண்டுபோய் வெக்கிறதுன்னு கேளு. லாக்டவுன்ல மாசக்கணக்கா பூட்டிக் கெடந்துச்சு, இப்பத்தான் தொறந்தேன்னு சொல்லு."

"எதிர்மனுதாரர் மலர்விழி?"

"இருக்கேங்க ஐயா."

"உங்க வக்கீலுக்கு உடம்பு சரியில்லைன்னு தகவல் வந்தது. நீங்க வர மாட்டீங்கன்னு நினைச்சேன்."

"மாமாதான் இட்டுக்கினு வந்தாருங்க. ஊருல டவர் இல்ல. மலை மேலேர்ந்து பேசறேன்."

நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவளுக்குப் பின்னால் தெரிந்த வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேஸ் கட்டைப் புரட்டினார்.

"சரிம்மா, உங்க பக்கத்தைக் கேட்டுட்டே முடிவு பண்றேன். மகனுக்குக் கடை வெச்சுக் குடுக்கணும், இவங்களைக் காலி பண்ணுங்கன்னு கேஸ் போட்டாரே, அந்தக் கட்டட ஓனர் லைன்ல வந்துட்டாரா?"

மூச்சு இன்னும் அடங்காத விருத்தாசலம், போனை மெதுவாகத் தன் பக்கம் திருப்பினார்.

"நான்தாங்க ஐயா அது."