ஊதிய கேசட்

ஒரு பழைய விளையாட்டுக்கு உலகில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வீடியோ கேம் கேசட்தான். அதைப் பிரதி எடுக்க வேண்டிய அருங்காட்சியகக் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கேசட்டைச் சொருகியும் திரை இருண்டே கிடந்தது.

"உன் வாயெல்லாம் ஏன் இத்தனை பச்சைக் களிம்பு?" என்று கம்ப்யூட்டர் எரிந்து விழுந்தது.

"நான் மக்கர் பண்ணினால் பிள்ளைகள் ஊதுவார்கள். அந்த எச்சில் ஈரம்தான்" என்றது கேசட்.

"ஊதினால் எங்கேயாவது ஓடுமா?"

"ஓடாதுதான். ஆனால் அவ்வளவு ஆசையாக ஊதும்போது ஓடாமல் எப்படி இருப்பது?"

அந்த நேரம் அருங்காட்சியகக் காப்பாளர் ஜெசிந்தா, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, கேசட்டை உருவி ஒரே ஊது ஊதிச் சொருகினார்.

திரையில் மலை எழுந்தது, கோட்டை எழுந்தது. கம்ப்யூட்டர் அத்தனையையும் பிரதி எடுத்தது.

"எல்லாம் வந்துவிட்டது" என்றது மெல்ல. "அந்த மூச்சை மட்டும் எங்கே சேமிப்பது?"