பேனர் குதிரையின் வால்

“இது குதிரை வாலா, தொடப்பக்கட்டையா?”

கேட்டுக்கொண்டே ராதிகா குதிரைக் கொட்டகைக்குள் வந்தாள். வாசலில் சாய்த்து வைத்திருந்த பேனரைக் கையை நீட்டிக் காட்டினாள். ‘தாய்மாமன் சீர்’ என்று கொட்டை எழுத்து. அதில் அவள் கணவன் அரங்கநாதன் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு குதிரை, வால் தரையைத் தொட்டுக்கொண்டு. ப்ளெக்ஸ் கடைக்காரன் எங்கிருந்தோ எடுத்துப் போட்ட குதிரை அது.

வேலைக்காரி கொளஞ்சியம்மாள் நிமிரவில்லை. தேங்காய் நாரால் குதிரைக்குட்டியின் விலாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டு வயசுக் குட்டி. உடம்பு புளியங்கொட்டை மாதிரி மினுமினுத்தது. பிடரி முடி கழுத்தில் கறுப்பாக, சிக்கில்லாமல் படிந்து கிடந்தது. வால் மட்டும் பாதியில் மொண்ணையாக நின்றது.

“வெட்டாதீங்கன்னு அன்னிக்கே சொன்னேம்மா.”

“ஓ, அப்ப தப்பு என்னுதா?”

தப்பு யாருடையது என்பது நைனார்பாளையத்துக்கே தெரியும். நாலைந்து மாதத்துக்கு முன் குட்டி பின்பக்கத்தைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து வால் முடி உதிர்ந்தது. வயிற்றில் பூச்சி, மருந்து குடுங்க என்றாள் கொளஞ்சி. வெள்ளிமலையில் பொதிக்குதிரை வைத்திருந்த வீட்டில் பிறந்தவள் அவள். ராதிகாவோ செல்போனில் ஏதோ பார்த்துவிட்டு, பௌர்ணமியில் வெட்டினால் அடர்த்தியாக வரும் என்று நின்றாள். கத்தரிக்கோல் எடுத்து ஒரு முழம் வெட்டினார்கள். அப்புறம் தினம் ஷாம்பு. அப்புறம் இரும்புச் சீப்பால் இழுப்பு. மிச்சம் இருந்ததில் பாதி சீப்போடு போனது.

கடைசியில் கொளஞ்சியே மாட்டாஸ்பத்திரிக்கு நடந்து போய்ப் பூச்சி மருந்து வாங்கி வந்தாள். கொள்ளு ஊறவைத்துப் போட்டாள். ஆளி விதை ஒரு கைப்பிடி, பச்சைப்புல் ஒரு கட்டு. வாலுக்குச் சீப்பே கிடையாது, விரலால் சிக்கெடுத்தாள். தோல் தேறியது, பிடரி தேறியது. வாலும் வளர்ந்தது, மூன்று மாதத்தில் நாலு விரல். அதைவிட வேகமாக எந்தக் குதிரைக்கும் வளராது என்று அவள் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது.

“எனக்குக் கதை வேணாம். நாளானிக்கு வெள்ளிக்கெழம என் நாத்தனா இசைவாணி பசங்களுக்குக் காது குத்து. போன வருசம் இந்தக் குட்டியப் பாத்துட்டு, ‘ஆடு வளக்கறீங்களா அண்ணி’ன்னு நாலு பேர் முன்னால கேட்டா அவ. அது இன்னும் எனக்கு செரிக்கல. சீர்வரிசைக்கு முன்னால இது போவணும், பேனர்ல இருக்கற மாதிரி வாலோட. எங்கருந்து கொண்டாருவியோ எனக்குத் தெரியாது. இல்லன்னா மோட்டார் கொட்டாயக் காலி பண்ணிக்கினு போய்க்கினே இரு.”

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. அரங்கநாதனின் நிலத்தில் இருந்த மோட்டார் கொட்டகைதான் கொளஞ்சிக்கு வீடு. அவளும் புருசனும் ரெண்டு பெண்களும் ஒன்பது வருசமாக அதில்தான் இருக்கிறார்கள்.

அவள் அரங்கநாதனைத் தேடிப்போய் முறையிட்டாள். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், ராதிகா சொன்னால் சொன்னதுதான், ஏதாவது பார்த்துச் செய் என்றார். குதிரைக்கு வால் செய்ய முடியுமா என்று அவரும் கேட்கவில்லை.

கொளஞ்சி திரும்பி வந்து ராதிகாவிடம் கேட்டாள்.

“வால் இருந்தா போதும், இல்லீங்களா?”

“போதும்.”

“எப்பிடி வந்துச்சுன்னு அப்புறம் கேக்கக் கூடாது.”

“நான் எதுக்குக் கேக்கறேன்?”

வியாழக்கிழமை முழுக்கக் கொளஞ்சிக்கு வீட்டுக்குள் வேலை. விசேஷ வீடு என்பதால் ஒவ்வொரு அறையாகப் பெருக்கித் துடைத்தாள். துடைப்பம் சுவரில் மோதிய சத்தத்தில் ராதிகா ரெண்டு தரம் எட்டிப் பார்த்துத் திட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை கேட்டுக்குப் பக்கத்தில் குட்டி நின்றது. கழுத்தில் சலங்கை. வால் கறுகறுவென்று, கொத்தாக, கணுக்காலைத் தொட்டது. நடுவில் சிவப்பு ரிப்பன் சுற்றியிருந்தது. சீர்த்தட்டு எடுக்க வந்த சொந்தக்காரர்கள் தட்டை வைத்துவிட்டுப் போனை எடுத்தார்கள். வீடியோ இசைவாணிக்கும் போனது. மண்டபத்திலிருந்து உடனே பதில் வந்தது: ‘குதிரை சூப்பர் அண்ணி.’

அதைப் படித்துக்கொண்டே ராதிகா ஓடி வந்தாள். தலையில் துண்டு சுற்றியிருந்தது. உள்ளே பியூட்டி பார்லர் பெண் சீப்போடு காத்திருந்தாள்.

“பாத்தியா. நாலு வார்த்த கேட்டாத்தான் உங்களுக்கெல்லாம் வேல ஓடுது.”

கொளஞ்சி கயிற்றைப் பிடித்தபடி எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். “அப்ப நாங்க கொட்டாயிலயே இருக்கலாம், இல்லீங்களாம்மா?”

ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இரு, இரு. யாரு உன்னப் போவச் சொன்னா?” என்று சிரித்துவிட்டு ராதிகா உள்ளே போனாள்.

மேளம் தொடங்கியது. தட்டுகள் தலைக்கு ஏறின. குட்டி தெருவில் இறங்கிப் பத்தடி நடந்திருக்கும். மாடி ஜன்னல் படாரென்று திறந்தது.

“ஏய் கொளஞ்சி, பீரோவுல வெச்சிருந்த என் சவுரி முடி ரெண்டும் எங்கடி?”

கொளஞ்சி குட்டியை நிறுத்தினாள். அதன் பின்பக்கம் ஜன்னலுக்கு நேராக வரும்படி மெதுவாகத் திருப்பி, சிவப்பு ரிப்பனின் முடிச்சில் கையை வைத்தாள்.

“இதோ இருக்குதும்மா. அவுத்துக் குடுத்துரட்டுங்களா?”