கொடியில் காயும் கைகள்

"அழிக்க ஒரு ரப்பர் கிடைக்குமா, மிஸ்?"

"இங்க ரப்பரே கிடையாதுங்க. பிள்ளைங்க வரைஞ்சது வரைஞ்சதுதான். நீங்க வெளிய உட்காருங்களேன்."

மஞ்சரி நகரவில்லை. வீட்டில் மகளின் மணிக்கட்டைப் பிடித்து அவளேதான் வரைவாள். மலையும் சூரியனும் பிசகாமல் வரும். பிள்ளைக்குச் சொந்தக் கற்பனை வளரட்டும் என்றுதான் இந்த ஓவியப் பட்டறையில் சேர்த்திருந்தாள். இன்று நறுமுகை முதன்முதலாகத் தனியே வரைந்த படத்தில், அம்மா சிரித்தபடி நின்றாள். கைகள் மட்டும் உடம்பில் இல்லை. அவை கிளிப் போட்டுத் துணிக்கொடியில் தொங்கின.

மஞ்சரியின் தோளிலிருந்து கைப்பை நழுவியது. பிடிக்கப் போனாள், விரல்கள் மடங்கவில்லை.

நறுமுகை கறுப்பு க்ரேயானை எடுத்துக் கொடிக்கு மேலே மேகம் தீட்டத் தொடங்கினாள்.

"பாப்பா, மழை வரப்போகுது. கொடியில இருக்கிறத மட்டும் எடுத்து அம்மாகிட்டக் குடுத்துடு, தங்கம்."